பூச்சியம் உரைத்த பொய்

தமிழிலக்கணம் பயிலப் புகுவார் முதற்கண் அறிவனவற்றுள் ஒன்று, எச்சத்திற்கும் முற்றிற்கும் உள்ள வேறுபாடாகும். 'வந்து' என்று ஒருவர் கூறி நிறுத்துவாராயின், கேட்போர் மேலும் செவி தாழ்த்துக் காத்திருப்பர். வந்து என் செய்தான்? உண்டானா, உறங்கினானா, ஒன்றுஞ் செய்யாது மீண்டானா என்பது முற்றுச்சொல் வந்த பின்னரே விளங்கும். அம்முற்றும் நம் மொழியில் தொடரின் ஈற்றிலே நிற்பது இயல்பாதலின், சொல்லுவான் கருத்தை இறுதிவரை பொறுத்திருந்தே அறிதல் வேண்டும். 'கொடுத்தான்' என்பதும் 'கொடுத்திலன்' என்பதும் கடைசி ஒலிகளிலேயே பிரிகின்றன. இவ்வுண்மையை யான் இலக்கண வகுப்பிற் கற்றேன். ஆயின், அதன் பொருளை முழுதும் உணர்ந்தது ஒரு கணிப்பொறியின் முன்னிலையிலேயாகும். அவ்வனுபவம் எனக்கு நாணந் தருவதே. எனினும், என்னைப் போன்றார்க்குப் பயன்படுமென்று கருதி, நம் கல்லூரி அன்பர்கள்முன் அதனை எடுத்துரைக்கத் துணிகின்றேன்.

யான் நெல்லைச் சீமையின் தேரிக்காட்டைச் சார்ந்த சிற்றூர் ஒன்றிற் பிறந்தவன். என் தந்தையைப் பெற்ற தாத்தா, தமது பதினாறாம் வயது தொட்டு அறுபதாம் வயதுவரை பனையேறி வாழ்ந்தவர். செம்மணற் காட்டிலே காலையும் மாலையும் முப்பது மரங்களில் ஏறி இறங்கிய கால்கள் அவருடையவை. அவர் இறக்கிய பதநீரை விடிலியிலே காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கியவர் என் பாட்டி. சென்ற ஆண்டு எங்கள் தமிழ்த்துறை ஆசிரியர் அவர்கள், ஒவ்வொரு மாணவரும் யாதேனும் ஒரு தொழிலின் சொற்களைத் தொகுத்து வருக என்று பணித்தார்கள். தோழர்கள் சிலர் நெசவையும், சிலர் உப்பளத்தையும் தேர்ந்தெடுத்தனர். யான் பனைத்தொழிலையே தேர்ந்தேன். கோடை விடுமுறையிலும் காலாண்டு விடுமுறையிலும் தாத்தாவின் கட்டிலருகே அமர்ந்து, அவர் கூறக் கூறச் சிறு தாள்களிலே சொல்லும் பொருளுமாக எழுதினேன். அருவாப்பெட்டி, கருக்கு, கலயம், சில்லாட்டை, பன்னாடை, பாளை, முருக்குத்தடி, வடலி எனத் தொடங்கிய அத்தொகுப்பு, இறுதியில் 412 சொற்களாக விரிந்தது. அவற்றுட் பல எந்த அகராதியிலும் யான் காணாதவை.

விடுதியில் என் அறைத்தோழன் பௌதிக மாணவன். கணிப்பொறியினிடத்து அளவற்ற காதலுடையவன். "இத்தாள்களைக் காற்று அடித்துச் செல்லும், கறையான் அரிக்கும். உன் சொற்களைச் சேர்த்து வைக்க ஒரு நிரலை நீயே எழுதிவிடு, யான் கற்பிக்கிறேன்," என்றான். ஆயத்தமாகக் கிடைக்கும் நிரல்கள் பலவிருக்க, யான் ஏன் புதிதாக ஒன்றை இயற்ற வேண்டுமென்று வினவலாம். பத்தொன்பது வயதில் இத்தகைய வினாவிற்கு விடை தேடும் வழக்கமில்லை! பழைய புத்தகக் கடையிலிருந்து அவன் வாங்கி வைத்திருந்த நூலொன்றை எனக்கு அளித்தான். அது சார்லஸ் பெட்ஸோல்ட் என்பார் விண்டோஸில் நிரல் எழுதுவதைப் பற்றி 1988-இல் முதன்முதல் வெளியிட்டுப் பின்னர்ப் பலமுறை திருத்திய பெருநூல். தூக்கினால் கை வலிக்கும். படித்தாலோ தலை வலிக்கும். ஆயினும் சில வாரங்களில் அதன் முதல் அதிகாரங்கள் எனக்கு விளங்கலாயின.

பழைய முறை நிரல் ஒன்று, கதை சொல்லும் புலவனைப் போன்றது. தொடக்கத்தில் தொடங்கி, தான் நினைத்த வரிசையிலே நடந்து, இறுதியில் முடிந்துவிடும். திரையிலே சாளரம் விரித்து நிற்கும் நிரலின் இயல்போ வேறு. அது வாயிற்காவலனைப் போன்றது. யார் எப்பொழுது வருவாரென்று அது முன்னரே அறியாது. விசையொன்று அழுத்தப்படுமாயின் அஃது ஒரு செய்தி. சுட்டி நகருமாயின் அதுவும் ஒரு செய்தி. மற்றொரு சாளரத்தால் மறைந்த பகுதி மீண்டும் வெளிப்பட்டு, 'என்னைத் திரும்ப வரைக' என்று வேண்டுமாயின் அதுவும் ஒரு செய்தியே. இச்செய்திகள் ஒரு வரிசையிலே வந்து சேரும். நிரலானது வரிசையினின்று ஒரு செய்தியைப் பெறும். உரிய சாளரத்தினிடம் ஒப்படைக்கும். மீண்டும் அடுத்த செய்தியைப் பெறச் செல்லும். இவ்வாறு சுழன்று கொண்டேயிருப்பதைச் செய்திச் சுழல் என்று கூறலாம். 1985-இல் முதல் விண்டோஸ் வெளிவந்த நாள் முதல் இன்றளவும் இம்முறையே அதன் உயிர்நாடியாக நிற்கின்றது.

இச்சுழலில் எனக்கு வியப்பளித்தது அதன் ஓய்வேயாகும். வரிசையிலே செய்தி யாதும் இல்லையெனின், நிரல் அங்குமிங்கும் ஓடித் தேடுவதில்லை, உறங்கிவிடுகின்றது. செய்தி வந்தவுடன் இயக்க முறைமை அதனை எழுப்புகின்றது. அவ்வுறக்கத்திற் கணிப்பொறியின் ஆற்றல் சிறிதும் செலவாவதில்லை. ஆனால், தன் வேலையொன்றில் மூழ்கிச் செய்திகளைப் பெற வாராத நிரலையோ விண்டோஸ் பொறுப்பதில்லை. ஐந்து நொடி கடந்தும் அது வரிசையை நோக்கவில்லையாயின், 'இது மறுமொழி தரவில்லை' என்று அதன் தலைப்பிலே எழுதிவிடுகின்றது. காத்திருப்போனை உலகம் குறை கூறவில்லை; அழைத்தும் செவி கொடாதவனையே குறை கூறுகின்றது.

இச்சுழல் எவ்வாறு முடிவுறும்? இவ்விடத்திலேதான் என் முதல் இடறல் நிகழ்ந்தது. சாளரத்தின் மூலையிலுள்ள பெருக்கற் குறியை அழுத்தியவுடன் நிரல் முடிந்துவிடுமென்று யான் எண்ணியிருந்தேன். உண்மை அதுவன்று. முதலில் 'மூடுக' என்னும் செய்தி வருகின்றது. அதற்கு இசைந்தால் சாளரம் அழிந்து, 'அழிந்தேன்' என்னும் செய்தி வருகின்றது. அப்பொழுது நிரல் தானே முன்வந்து, 'விடைபெறுவேன்' என்னும் மூன்றாவது செய்தியைத் தன் வரிசையில் இடுதல் வேண்டும். அச்செய்தி எந்தச் சாளரத்திற்கும் உரியதன்று, சுழலுக்கே உரியது. வரிசையிலே முன்னரே காத்திருந்த பிற செய்திகளெல்லாம் தீர்ந்த பின்னரே அது வெளிப்படும். அதனைப் பெற்றவுடன் சுழல் நிற்கும், நிரல் முடியும்.

யான் அம்மூன்றாவது செய்தியை இட மறந்தேன். சாளரம் மறைந்தது, நிரல் மறையவில்லை. கண்ணுக்குப் புலனாகாமல், வருவாரற்ற வாயிலிலே செய்தியை எதிர்நோக்கி உறங்கிக் கிடந்தது. யானோ திருத்திய நிரலைப் புதிதாக ஆக்க முற்பட்டேன். 'பழைய கோப்பு பயன்பாட்டிலுள்ளது. அதன்மேல் எழுத இயலாது' என்று கணிப்பொறி மறுத்தது. வேறு பெயரிட்டு ஆக்கினேன். அடுத்த முறை அதுவும் மறுக்கப்பட்டது. பின்னர்த் தோழன் வந்து இயங்கும் நிரல்களின் பட்டியலைத் திறந்து காட்டினான். என் நிரலின் பதினொரு ஆவிகள் அதிலே வரிசையாக நின்றன! வீடு இடிந்த பின்னரும் திண்ணையிருந்த இடத்தை விட்டு நீங்காத காவலரைப் போல, அவை ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருந்தன. தோழன் நகைத்தான், யானும் நகைத்தேன். எச்சம் என்பது எத்துணைக் கொடியதென அன்று அறிந்தேன்.

காலாண்டு விடுமுறையில் ஊர் சென்றபோது இக்கதையைத் தாத்தாவிற்கு உரைத்தேன். அவர் கட்டிலிற் படுத்தவாறே கேட்டுக்கொண்டிருந்தார்.

"ஏலே, அந்தப் பெட்டி ஒண்ணும் செய்யாம இருக்கையில என்னதான் செய்யுது?" என்றார்.

"செய்தி வருமென்று காத்திருக்கும், தாத்தா," என்றேன்.

"சும்மா இருக்கது வேற, காத்துக்கிட்டு இருக்கது வேற. ஒம் பாட்டியக் கேளு, அவளுக்குத் தெரியும்."

அதன்பின் அவர் கூறியதை யான் சொல்லெனக் கருதாமையால் தாளில் எழுதவில்லை, ஆயினும் மறக்கவுமில்லை. காலையில் கடைசி மரத்தின் உச்சியிலிருந்து அவர் ஒரு கூவல் கூவுவாராம். விடிலியிலே பாட்டி செவி சாய்த்திருப்பாராம். ஒரு கூவல் எனின் எல்லாம் நலம். கலயங்கள் நிறைந்துள்ளன என்பது பொருள். இரண்டு கூவல் எனின் பதநீர் குறைவு. மூன்று எனின் ஆளனுப்புக. அதற்கேற்பவே பாட்டி அடுப்பிற்கு விறகு எடுத்து வைப்பாராம்.

"கொறஞ்சிருந்தா கொறஞ்சிருக்குன்னு ரெண்டு தரம் கூவணும்ல. மானத்தப் பாத்து ஒத்தக் கூவல் கூவுனேன்னு வையி, அவ அடுப்பப் பெருசா மூட்டிருவா. அப்புறம் வெறகுதான நட்டம்?" என்று கூறித் தாத்தா நகைத்தார்.

விடுதிக்கு மீண்டபின், அக்கூவலுக்கு ஒப்பானதொன்று நிரல்களிடத்தும் உண்டென்பதைத் தோழன் கற்பித்தான். ஒவ்வொரு நிரலும் முடியும்போது, தன்னை ஏவியவரிடம் ஓர் எண்ணை விட்டுச் செல்கின்றது. அதனை முடிவெண் என்று ஈண்டுக் குறிக்கின்றேன். பூச்சியமாயின் 'இட்ட பணி இனிது முடிந்தது' என்பது மரபு. வேறெந்த எண்ணாயினும் 'பழுது நேர்ந்தது' என்பதாம். நலத்தைக் குறிக்க ஒன்றுமில்லாத பூச்சியத்தையும், பழுதைக் குறிக்க எஞ்சிய எண்களையெல்லாம் வைத்தது ஏன் என்று யான் வினவினேன். "நன்றாக முடிவது ஒரே வகை, கெட்டு முடிவது பல வகை. பல வகைக்குப் பல எண் வேண்டாமா?" என்றான் தோழன். அவ்விடை என் மனத்திற் பதிந்தது.

இவ்வெண்ணினிடத்தும் வியப்பும் ஏமாற்றமும் உண்டு. யூனிக்ஸ் வழிவந்த முறைமைகளில், நிரல் விடும் எண்ணின் கடைசி எட்டு இருமக் கூறுகளையே அதனை ஏவிய கட்டளை முகப்பு காணும். ஆதலின் 255-க்கு மேற்பட்ட எண் ஆண்டு நிலைபெறாது. 256 என்று விட்டால் அது பூச்சியமாகவே புலப்படும். தான் கண்ட பிழைகளின் தொகையையே முடிவெண்ணாக விடும் நிரலொன்று, சரியாக 256 பிழைகளைக் கண்ட நாளிலே 'ஒரு பிழையுமில்லை' என்று சாட்சி கூறுமன்றோ! விண்டோஸில் மற்றொரு விந்தை. ஒரு நிரலின் முடிவெண்ணைக் கேட்கும்போது, அந்நிரல் இன்னும் இயங்கிக் கொண்டிருக்குமாயின் 259 என்று விடை வரும். ஆதலின், உண்மையிலேயே 259 என்று கூறி முடிந்த நிரலை, இவ்விடையொன்றையே நம்புவோர் இன்னும் உயிருடனிருப்பதாக மயங்குவர். தனக்கு உரிமையில்லாத நினைவிடத்தைத் தீண்டி மாண்ட நிரலோ எண் கூற ஆற்றலற்றது. அதற்காக இயக்க முறைமையே 3221225477 என்னும் எண்ணை விட்டுச் செல்லும். கூவ இயலாதவனுக்காக அடுத்த மரத்தான் கூவுவதை இஃது ஒக்கும்.

சாளர நிரலில் இம்முடிவெண் செல்லும் வழியும் அறியத்தக்கது. 'விடைபெறுவேன்' என்னும் செய்தியை இடும்போதே எண்ணும் உடன் வைக்கப்படும். சுழல் நின்றபின், நிரலின் முதன்மைப் பகுதி அச்செய்தியினின்று எண்ணை எடுத்துத் தன் விடையாகத் திருப்புதல் வேண்டும். பெட்ஸோல்டின் நூலிலே இடும் எண் பூச்சியமாகவே இருந்தது. கற்பிக்கும் பொருட்டு எழுதிய சிறு நிரலில் பழுது நேர இடமில்லையாதலின் அது தக்கதே. யான் அதனை அவ்வாறே பார்த்தெழுதினேன். பார்த்தெழுதுவார்க்கு நேருவது எனக்கும் நேர்ந்தது.

என் நிரல் மூடப்படும்போது, சொற்களையெல்லாம் அகரவரிசைப்படுத்திக் கோப்பில் எழுதும். தோழன் அதற்குக் காவலாகக் கட்டளைகள் சிலவற்றை வரிசையாக எழுதிய சிறு கோப்பொன்றை அமைத்துக் கொடுத்தான். அது என் நிரலை ஏவும். அது முடியும்வரை காத்திருக்கும். முடிவெண் பூச்சியமாயின், புதிய சொற்கோப்பைப் பென் டிரைவிலுள்ள பழைய படியின்மேல் எழுதும். பூச்சியமன்றாயின், பழைய படியைத் தீண்டாது நிற்கும். பழுதற்ற ஏற்பாடே. நிரல் உண்மை கூறுமென்பது ஒன்றே அதன் அடிப்படை.

புரட்டாசித் திங்களில் ஒரு நாளிரவு, கடைசித் தாளிலிருந்த சொல்லையும் பதித்து முடித்தேன். அதே வேளையில் அக்கணிப்பொறியிலே தோழன் ஒரு திரைப்படத்தை இறக்கிக் கொண்டிருந்தான். வன்தட்டு விளிம்புவரை நிரம்பியிருந்ததை இருவரும் அறியோம். யான் சாளரத்தை மூடினேன். நிரல் பழைய கோப்பை வெறுமையாக்கிவிட்டு, முதலிலிருந்து எழுதத் தொடங்கியது. வெறுமையான இடத்திற் பெரும்பகுதியை, இறங்கிக் கொண்டிருந்த திரைப்படம் விழுங்கியது. ஆகவே, பாதி வழியில் எழுத இடமில்லாது போயிற்று. 'இடமில்லை' என்று இயக்க முறைமை கூறத்தான் செய்தது. அவ்விடையை நோக்க என் நிரலில் ஒரு வரியேனும் இல்லை. அது கலங்காமல் சாளரத்தை அழித்தது; விடைபெற்றது; பூச்சியம் என்று கூவியது. காவற்கோப்பு அக்கூவலை நம்பி, முறிந்த கோப்பை எடுத்துப் பென் டிரைவிலிருந்த முழுப்படியின்மேல் எழுதியது. யானும் அப்பூச்சியத்தை நம்பி, 412 தாள்களையும் மறுநாட் காலை குப்பைக் கூடையில் இட்டேன்.

ஐப்பசி மழையில் தாத்தா காலமானார். அடக்கம் முடிந்து விடுதிக்கு மீண்டபின் சில நாட்கள் எதனையும் தொட மனமில்லை. கார்த்திகையில் ஒரு நாள், அவர் குரலை நினைவுகூர விரும்பிச் சொற்கோப்பைத் திறந்தேன். அகரத்திலிருந்து நகரம்வரை யாவும் இருந்தன. பகரத்தில் 'பத' என்னும் இரண்டெழுத்துக்குப் பின் உடைந்த குறியொன்று நின்றது. கணிப்பொறிக் கோப்பிலே தமிழெழுத்துக் குறியொவ்வொன்றும் மூன்று அலகுகளாகச் சேமிக்கப்படுகின்றது. அம்மூன்றில் ஒரு பகுதி மட்டும் எழுதப்பட்டு இடம் தீர்ந்திருந்தது. பதநீர் என்னும் சொல்லே நடுவில் முறிந்தது. அதற்கப்பால் பன்னாடையில்லை, பாளையில்லை, மட்டையில்லை, முருக்குத்தடியில்லை, வடலியில்லை, விடிலியுமில்லை. 143 சொற்கள் மறைந்தன. பென் டிரைவிலும் அம்முறிந்த கோப்பே கிடந்தது. கேட்டறியலாமெனின், கூறுவார் மண்ணுக்குள் இருந்தார்.

இதனினும் கூறற்கரியது ஒன்றுண்டு. அவ்வாரம் ஆசிரியர் அவர்கள் தாழ்வாரத்தில் என்னைக் கண்டு, "சொற்றொகுப்பு முடிந்ததா?" என்று வினவினார்கள். "முடிந்தது, ஐயா," என்றேன். துக்கத்திலிருக்கும் மாணவனென்று அவர்கள் மேலும் கேளாது சென்றார்கள். அடுத்த வாரம் மீண்டும் வினவினார்கள். மீண்டும் அவ்வாறே கூறினேன். எவரும் என்னைப் பொய் சொல்லத் தூண்டவில்லை. பழுது நேர்ந்ததென்று கூறின், தாத்தாவின் சொற்களைக் காக்கத் தெரியாத பேரனென்று என்னை இகழ்வரென அஞ்சினேன். மானம் பார்த்து ஒற்றைக் கூவல் கூவினேன்.

தோழனிடம் மட்டும் உண்மையைக் கூறினேன். திரைப்படத்தின் பொருட்டு அவன் பெரிதும் வருந்தினான். பின்னர் இருவரும் அமர்ந்து நிரலை வரிவரியாக ஆராய்ந்தோம். முடிவில் 'விடைபெறுவேன்' என்னும் செய்தியை இடும் வரியின்மேல் அவன் விரலை வைத்தான். "இங்கே பார், எது நிகழ்ந்தாலும் பூச்சியம் என்று நீயே எழுதி வைத்திருக்கிறாய். பணி தொடங்கும் முன்னரே விடையை எழுதிவிட்டாய்," என்றான். அச்சொல் நிரலை நோக்கிக் கூறப்பட்டதாயினும், என் நெஞ்சிலே தைத்தது. ஆசிரியர் வினவும் முன்னரே 'முடிந்தது, ஐயா' என்னும் விடையை யானும் ஆயத்தமாக எழுதி வைத்திருந்தேனன்றோ?

மறுநாள் ஆசிரியர் அவர்களின் அறைக்குச் சென்று நிகழ்ந்த யாவற்றையும் கூறினேன். இருமுறை பொய் கூறியதையும் மறைக்கவில்லை. அவர்கள் சிறிது நேரம் பேசாதிருந்தார்கள். பின்னர், "எத்தனை சொல் போயிற்று?" என்று மட்டும் கேட்டார்கள்.

"143, ஐயா."

"எந்த எழுத்திலிருந்து?"

"பகரத்திலிருந்து, ஐயா."

"நல்லது. எண்ணும் எழுத்தும் தெரிகிறபடியால் தேடலாம். முடிந்தது என்று நீ சொன்ன வரையில் நான் உனக்கு என்ன உதவி செய்திருக்க முடியும்?" என்றார்கள். இகழ்ச்சியை எதிர்நோக்கிச் சென்ற எனக்கு, ஒரு தாளும் எழுதுகோலுமே கிடைத்தன. பகரம் முதல் வகரம் வரை எனக்கு நினைவிலிருந்த சொற்களை அங்கேயே அமர்ந்து எழுதச் செய்தார்கள். 29 சொற்கள் வந்தன.

கிறிஸ்துமஸ் விடுமுறையில் ஊர் சென்று பாட்டியிடம் அமர்ந்தேன். விடிலியும் அடுப்பும் சார்ந்த சொற்களெல்லாம் அவர் நாவில் இருந்தன. எனக்குப் பெரியப்பா முறையாகும் முதியவர் ஒருவர், இன்றும் சில மரங்கள் ஏறுபவர், மேலும் பல சொற்களைக் கூறினார். இவ்வாறு என் நினைவிலிருந்தவற்றோடு சேர்த்து 106 சொற்கள் மீண்டன. எஞ்சிய 37-ஐ எவராலும் தர இயலவில்லை. அவை மர உச்சியிலே, பாளை சீவுமிடத்திலே, தாத்தாவின் தலைமுறையினர் தமக்குள் வழங்கிய சொற்களாக இருத்தல் வேண்டும். பாட்டி தரையிலிருந்து கூவலைக் கேட்டவரேயன்றி உச்சியைக் கண்டவரல்லர்.

விடுதிக்கு மீண்டபின் நிரலையும் திருத்தினேன். இப்பொழுது அது பழைய கோப்பை வெறுமையாக்குவதில்லை. புதிய கோப்பொன்றிலே எழுதி, எழுதியது முழுதும் சேர்ந்ததா என்று கோப்பை மூடும்வரை சோதித்து, அதன்பின்னரே பழையதன் இடத்தில் வைக்கின்றது. வன்தட்டில் இடமில்லையெனின் 2 என்றும், கோப்பைத் திறக்க இயலவில்லையெனின் 3 என்றும் முடிவெண் விடுகின்றது. இத்திருத்தத்தைச் செய்து, பென் டிரைவொன்றை வேண்டுமென்றே நிரப்பிச் சோதித்தபோதும் காவற்கோப்பு பூச்சியத்தையே கண்டது! வியந்து ஆராய்ந்தோம். 'விடைபெறுவேன்' என்னும் செய்தியிலே 2 என்று சரியாகவே இட்டிருந்தேன்; ஆயின், சுழல் நின்றபின் முதன்மைப் பகுதியின் கடைசி வரியில், அச்செய்தியை நோக்காமல் பூச்சியத்தைத் திருப்பியிருந்தேன். உள்ளிருப்பவன் உண்மை கூறியும், வாயிலில் நிற்பவன் தன் பழைய பாடத்தையே ஒப்பித்தான். உண்மையை ஓரிடத்தில் வைத்தல் போதாது. அது கேட்போர் செவிவரை செல்லும் வழி முழுதும் திறந்திருத்தல் வேண்டும் என்பதை அச்சிறு வரி எனக்குக் கற்பித்தது.

அன்பர்களே! பழுது நேர்வது இயல்பு. வன்தட்டு நிரம்பும், மழை பெய்யும், முதியோர் மறைவர். இவற்றுள் ஒன்றையும் நிரல் எழுதுவோன் தடுக்கவல்லனல்லன். ஆயின், நமக்காக ஒருவர் காத்திருக்கின்றார் என்பதை மறவாதிருக்க வல்லோம். விடிலியிலே விறகோடு ஒருவர் செவி சாய்த்திருக்கின்றார். நாம் கூவும் கூவலைக் கொண்டே அவர் அடுத்த செயலைத் தொடங்குவார். குறையைக் குறையென்று கூறுதல் அவருக்கு நாம் செய்யும் உதவியாகும்.

என் தொகுப்பைத் தை மாத இறுதியில் ஆசிரியர் அவர்களிடம் ஒப்படைத்தேன். அதன் கடைசிப் பக்கத்தில் இரண்டு வரிகள் மட்டும் எழுதியுள்ளேன்: 'கிடைத்தன 375. இழந்தன 37.' அவ்விரண்டாவது வரியை எழுதும்போது கை நடுங்கியது; எழுதியபின் மனம் அமைதியுற்றது. என் தொகுப்பு முற்றன்று, எச்சமேயாகும். தேரிக்காட்டிலே பனையேறும் முதியவர் எவரையேனும் அறிந்தார் இதனைப் படிக்க நேரின், அவர்பால் என்னை அழைத்துச் செல்லுமாறு வேண்டுகின்றேன். பகரத்திலிருந்து தொடங்குவோம்.